ஐந்தாவது குருவியும் மறக்கப்படுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் 13 ஆண்டுகள் வாழ்ந்த நாய் அண்மையில் முதுமையால் இறந்துபோனது. அந்த வார ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பங்களைச் சொல்லும் நேரம் வந்தபோது, அதன் வாழ்வுக்காக ஒரு நன்றி ஜெபம் ஏறெடுக்கும்படி கேட்டேன். சிலர் தலைகுனிந்து புன்னகைத்தார்கள். சபையின் மூத்தவர் ஒருவர், குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல மென்மையாகவே, "மிருகத்துக்கு ஆத்துமா கிடையாது, அதற்காக ஜெபிக்க வேதத்தில் இடமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. சிறுவயதிலிருந்து நான் மதித்து வரும் மனிதர் அவர். ஆனால் 'வேதத்தில் இடமில்லை' என்ற சொல் என்னை உறங்கவிடவில்லை. ஆதியாகமத்திலிருந்து தொடங்கி, மிருகங்கள் வரும் இடங்களையெல்லாம் நிதானமாக மறுபடியும் படித்தேன். படித்தபின் மனத்தில் எழுந்தவற்றையே இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

பல சமயத்தவரும் வாசிக்கும் நாளிதழுக்கு இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. கிறிஸ்தவ சமயம் விலங்குகளை மனிதனின் உடைமையாக மட்டுமே பார்க்கிறது என்ற எண்ணம் சபைக்கு வெளியிலும் வேரூன்றியிருக்கிறது. 1967இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், இயற்கையின் இன்றைய சீரழிவுக்கு மேலைநாட்டுக் கிறிஸ்தவம் பெரிதும் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதிய கட்டுரை இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. அந்தக் குற்றச்சாட்டில் கிறிஸ்தவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிய பகுதியை நான் மறுக்கமாட்டேன். வேதம் அதைத்தான் கற்பிக்கிறது என்பதை மட்டும் மறுக்கிறேன்.

குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் மனிதனுக்குச் சொல்லப்பட்ட 'ஆண்டுகொள்ளுங்கள்' என்ற வார்த்தை. அந்த வார்த்தையோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறவர்கள் அதற்கு அடுத்த இரண்டு வசனங்களைக் கவனிப்பதில்லை. மனிதனுக்கும் மிருகங்களுக்கும் தாவரங்களே ஆகாரமாகக் கொடுக்கப்பட்டதாக அங்கே இருக்கிறது. மாம்சம் உண்ண அனுமதி வருவது வெள்ளத்துக்குப் பின்பு, ஒன்பதாம் அதிகாரத்தில்தான். எனவே அந்த முதல் ஆளுகையில் கொல்வதற்கான உரிமைகூட அடங்கியிருக்கவில்லை. எபிரெய மொழியில் அங்கே ஆளுவதற்கு வரும் வினைச்சொல்லே எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்திலும் வருகிறது. ஆடுகளை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்டு, மந்தையைக் கடூரமாய் ஆண்ட மேய்ப்பர்களைக் கர்த்தர் அந்த அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். எப்படி ஆளக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆத்துமா பற்றிய பேச்சுக்கு வருகிறேன். மனிதன் 'ஜீவாத்துமாவானான்' என்று ஆதியாகமம் 2:7 கூறும்போது எபிரெயத்தில் இருப்பது 'நெபெஷ் ஹய்யா' என்ற தொடர். நீரில் நீந்துபவற்றுக்கும் நிலத்தில் நடமாடுபவற்றுக்கும் முதலாம் அதிகாரம் பயன்படுத்துவதும் இதே தொடர்தான். தமிழில் அது ஓரிடத்தில் ஜீவாத்துமாவாகவும் மற்ற இடங்களில் ஜீவஜந்துவாகவும் பிரிந்து நிற்பதால் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இதனால் மனிதனும் மிருகமும் ஒன்று என்று நான் வாதாடவில்லை. தேவசாயலில் படைக்கப்பட்டவன் மனிதன் மட்டுமே; அதில் எனக்கு ஐயமில்லை. மிருகத்தின் ஆத்துமா உணர்வும் உயிர்ப்பும் உடையது, மனிதனுடைய ஆத்துமாவோ பகுத்தறிவும் உடையது என்று 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பிரித்துச் சொன்னார். அவர் சொன்னதும் வேறுபாட்டைத்தானே தவிர, மிருகத்துக்கு ஆத்துமாவே இல்லை என்பதன்று.

இரண்டாம் அதிகாரத்தில் என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்த ஓர் இடம் உண்டு. மனிதன் தனிமையாயிருப்பது நல்லதல்ல என்று தேவன் சொல்கிறார். அதைச் சொன்னவுடன் அவர் செய்வது என்ன? மண்ணினால் மிருகங்களையும் பறவைகளையும் உருவாக்கி, மனிதன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கும்படி அவற்றை அவனிடத்தில் கொண்டுவருகிறார். அவனும் அதே மண்ணிலிருந்து வந்தவன். அவற்றுள் அவனுக்கு ஏற்ற துணை காணப்படவில்லை என்பதும், அதன் பிறகே பெண் படைக்கப்படுகிறாள் என்பதும் உண்மை. மிருகம் மனிதத் துணைக்கு ஈடாகாது என்று வேதமே சொல்லிவிடுகிறது. ஆயினும் தனிமையைக் கண்டு இரங்கிய தேவனுடைய கை முதலில் கொண்டுவந்து நிறுத்தியது அவற்றைத்தான். என் தாயார் நோயுற்றுப் படுத்த படுக்கையாய் இருந்த மாதங்களில் எங்கள் நாய் அவருடைய கட்டிலின் கீழேயே கிடந்தது. அவர் இரவில் ஜெபிக்கத் தொடங்கினால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். முடித்த பிறகே படுக்கும். நாங்கள் களைத்து உறங்கிய இரவுகளிலும் அது உறங்காமல் இருந்ததைத் தாயார் சொல்லித்தான் அறிந்தோம். "எனக்கு ஆண்டவர் காவல் போட்டிருக்கிறார்" என்பார். அவர் மறைந்தபின் பல மாதங்கள் அந்த அறையின் வாசற்படியிலேயே அது படுத்துக் கிடந்தது.

நோவாவின் வரலாறு எல்லோரும் அறிந்தது. ஆனால் வெள்ளம் வடியத் தொடங்குவதற்குமுன், தேவன் நோவாவையும் பேழையில் அவனோடிருந்த சகல மிருகங்களையும் நினைத்தருளினார் என்று எட்டாம் அதிகாரம் தொடங்குவதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? வானவில்லை அடையாளமாக வைத்துச் செய்யப்பட்ட உடன்படிக்கையும் நோவாவின் குடும்பத்தோடு முடிந்துவிடவில்லை. பறவைகளோடும் நாட்டு மிருகங்களோடும் காட்டு மிருகங்களோடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நியாயப்பிரமாணத்தில் ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் உரியது. பகைவனுடைய கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தால்கூட, அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிட வேண்டும். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது. குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது என்ற சிறிய கட்டளைக்கு, 'நீ நன்றாயிருப்பாய், உன் நாட்கள் நீடித்திருக்கும்' என்ற வாக்குத்தத்தம் இணைக்கப்பட்டிருக்கிறது. தாய்தகப்பனைக் கனம்பண்ணுகிறவனுக்கும் அதே வாக்குத்தத்தம்தான். ஒரு கூட்டின்மீது காட்டும் இரக்கத்தை இவ்வளவு உயரத்தில் வைத்த வேதத்தை, மிருகங்களுக்கு இடமில்லாத வேதம் என்று எப்படிச் சொல்வது?

இஸ்ரவேலரைச் சபிக்க அழைக்கப்பட்டுப் புறப்பட்ட தீர்க்கதரிசி பிலேயாமின் கழுதை பேசியதைச் சிறுவர் வகுப்பில் வியப்புக்காகச் சொல்வோம். எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது வேறொன்று. எண்ணாகமம் 22இல் பிலேயாமின் கண்கள் திறக்கப்பட்டதும் கர்த்தருடைய தூதனானவர் முதலில் கேட்ட கேள்வி, உன் கழுதையை மூன்றுதரம் அடித்தது ஏன் என்பதுதான். அவனுடைய பயணத்தின் தவறு அதன் பிறகே பேசப்படுகிறது. கழுதை விலகாமல் இருந்திருந்தால் உன்னைக் கொன்று அதை உயிரோடே வைத்திருப்பேன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். தீர்க்கதரிசியின் கண்ணுக்குத் தெரியாத தேவதூதரைக் கண்டது அவன் அடித்த மிருகம்.

ஆனாலும் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் துணிவு தந்தது, பிறன் மனைவியைக் கவர்ந்துகொண்ட தாவீது ராஜாவுக்கு நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன உவமை. ஐசுவரியவான் ஒருவனுக்கு ஆடுமாடுகள் வெகு திரளாயிருந்தன. தரித்திரனுக்கோ ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அது அவனுடைய பிள்ளைகளோடு வளர்ந்தது. அவன் உண்ட அப்பத்தைத் தின்றது. அவன் பாத்திரத்திலே குடித்தது. அவன் மடியிலே படுத்துக்கொண்டது. அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது. அதைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான் ஐசுவரியவான். இதைக் கேட்ட தாவீது என்ன செய்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆட்டை மகளைப்போல நேசிக்கலாமா என்று அவன் நகைக்கவில்லை. அவனே மேய்ப்பனாயிருந்தவன், சிங்கத்தின் வாயிலிருந்தும் கரடியின் வாயிலிருந்தும் ஆட்டைத் தப்புவித்தவன். அந்த மனிதன் மரணத்துக்குப் பாத்திரன் என்று கொதித்தெழுந்தான். அந்தக் கொதிப்பின்மேல்தான் 'நீயே அந்த மனுஷன்' என்ற வார்த்தை வந்து விழுகிறது. மடியில் படுத்த ஆட்டுக்குட்டியின்மீது ஓர் ஏழை வைத்த அன்பு மதிக்கத்தக்கது என்று சொல்பவனும் கேட்பவனும் ஒப்புக்கொண்டால்தான் இந்த உவமைக்கு உயிர் உண்டு. ஒரு ராஜாவின் மனச்சாட்சியைத் திறக்கக் கர்த்தர் தேர்ந்துகொண்ட திறவுகோல், இன்று நாம் செல்லப்பிராணி என்று அழைக்கும் உயிரின்மேல் வைத்த பாசம். இந்த வேதபகுதியை அறிந்த சபையில், இறந்த நாய்க்காக அழுகிறவரைப் பார்த்துப் புன்னகைக்க இடம் இருக்கக்கூடாது.

கத்தோலிக்க சகோதரர்களின் விவிலியத்தில் தோபித்து நூல் உண்டு. தோபியா வானதூதரோடு நெடும்பயணம் புறப்படும்போது அவனுடைய நாயும் கூடவே செல்கிறது. திரும்பும்போதும் பின்னாலேயே வருகிறது. அந்த நாய் கதையில் எதையும் சாதிப்பதில்லை, யாரையும் காப்பாற்றுவதில்லை. கூட நடந்தது என்பதற்காகவே அது எழுதப்பட்டிருக்கிறது. நாய் வளர்த்த எவருக்கும் அந்த ஒரு வரி போதும்.

இனி நம் ஆண்டவரிடம் வருகிறேன். வனாந்தரத்தில் அவர் சோதிக்கப்பட்ட நாட்களில் காட்டு மிருகங்களின் நடுவிலே இருந்தார் என்று மாற்கு மட்டும் எழுதுகிறார். எருசலேமை நினைத்துப் புலம்பியபோது தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டார். துரவில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவீர்களே என்று சொல்லி, அந்த இரக்கத்தை எல்லோரும் அறிந்த நியாயமாக எடுத்துக்கொண்டு மேலே பேசினார். குருவிகளைப் பற்றி அவர் சொன்னதை இரு சுவிசேஷங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு கணக்குத் தெரியும். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. நான்கு வாங்கினால் ஐந்தாவது கொசுறு. சந்தையில் அதற்கு விலையே கிடையாது. அந்த ஐந்தையும் எண்ணித்தான் அவர் சொல்கிறார்: "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை." அநேகம் குருவிகளைப் பார்க்கிலும் நீங்கள் விசேஷித்தவர்கள் என்று அவர் தொடர்ந்து சொன்னதை நான் மறைக்கவில்லை. குருவி தேவனுக்கு ஒன்றுமில்லாததாய் இருந்திருந்தால் அதைவிட விசேஷித்தவர்கள் என்பதில் நமக்கு என்ன ஆறுதல் இருக்க முடியும்?

நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. செல்லப்பிராணிகளை வளர்க்கும் விசுவாசிகள் பலர், 'தேவன் என்னை ஆறுதல்படுத்த இதை அனுப்பினார்' என்று சாட்சி சொல்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தேவனுடைய அன்புக்கு அடையாளமாக ஒரு நாயோ பூனையோ நமக்கு வாய்க்கிறது என்றால், அது படித்தவுடன் கிழித்தெறியும் கடிதம் போன்றதன்று. எனக்காக அது படைக்கப்படுவதற்குமுன், தனக்காகவே அது அவரால் நேசிக்கப்பட்டது. நேசிக்கப்பட்டதனால்தான் அந்த நேசத்தை என்னிடம் கொண்டுவர அதற்கு முடிந்தது. எலியா தீர்க்கதரிசிக்குக் காலையிலும் மாலையிலும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த காகங்கள் தேவனுக்கு வெறும் பணியாட்கள் அல்ல. கூப்பிடுகிற காக்கைக் குஞ்சுகளுக்கு ஆகாரம் கொடுப்பவர் அவர் என்று 147ஆம் சங்கீதம் பாடுகிறது. நினிவே நகருக்காகத் தீர்க்கதரிசி யோனாவிடம் வழக்காடும்போது, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000க்கு மேற்பட்ட மனிதர்களோடு அநேக மிருகஜீவன்களையும் சேர்த்துச் சொல்லி, அந்தச் சொல்லோடு புத்தகத்தையே முடிக்கிறவர் அவர். "மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்" என்பது 36ஆம் சங்கீதம்.

இந்த முழு உண்மையை ஏற்றுக்கொண்டால் நம்முடைய நடத்தை சில இடங்களில் மாறியாக வேண்டும். குட்டியாயிருந்தபோது 'தேவனின் ஈவு' என்று கொஞ்சிய நாயை, முதுமையில் நோய் கண்டதும் வீதியில் விட்டுவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. வளர்க்கும் பூனையை மடியில் வைத்துக்கொண்டே, வாசலில் பசியோடு நிற்கும் பூனையைக் கல்லெறிந்து விரட்டுகிறவர்களும் உண்டு. நமக்கு ஆறுதல் தரும் வரைக்கும்தான் அது அடையாளம் என்றால், நாம் நேசித்தது நம்மையேயன்றி அதை அல்ல. நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக் காக்கிறான் என்கிறது நீதிமொழிகள் 12:10. நீதிமானை அடையாளம் காண அவனுடைய ஜெபத்தை வேதம் அந்த இடத்தில் கேட்கவில்லை. அவன் வீட்டு மிருகத்தைப் பார்க்கச் சொல்கிறது.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். தேவன் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று 1 கொரிந்தியர் 9இல் அப்போஸ்தலர் பவுல் கேட்டதை என்னிடமே ஒருவர் எடுத்துக் காட்டினார். ஊழியக்காரருக்கு ஆதரவு தர வேண்டும் என்பதை நிலைநாட்ட, மாட்டுக்கே இந்தச் சலுகை என்றால் மனிதனுக்கு எவ்வளவு அதிகம் என்று பவுல் ஏறுவரிசையில் பேசும் இடம் அது. அதே பவுல்தான் ரோமர் 8இல், சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்றும், அழிவின் அடிமைத்தனத்திலிருந்து அதுவும் விடுதலையாக்கப்படும் என்றும் எழுதினார். அந்த வசனங்களைக் கொண்டுதான் 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தையான ஜான் வெஸ்லி, மிருகங்களும் அந்த விடுதலையில் பங்கடையும் என்று விரிவாகப் பிரசங்கித்தார். மரித்த மிருகத்தின் ஆவியைப் பற்றிப் பிரசங்கி 3:21 கேள்வியாகவே கேட்டு நிறுத்துகிறது. அந்தக் கேள்வியை 'கட்டாயம் பரலோகத்தில் சந்திப்பேன்' என்று நான் முடித்துவைக்க மாட்டேன். 'அதற்கு ஒன்றுமே இல்லை' என்று பிறர் முடித்துவைப்பதையும் ஏற்கமாட்டேன். ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்கும் என்று ஏசாயா கண்ட ராஜ்யத்தில் மிருகங்கள் இல்லாமல் இல்லை.

மற்றோர் எச்சரிக்கையை மனமார ஏற்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளுக்கு மனிதர் அன்பு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும், அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்றும் கூறுகிறது. மனிதத் துயரைப் போக்கச் செலவிட வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது, மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை அவற்றின்மேல் வைக்கலாகாது என்பதும் அதே இடத்தில் உண்டு. பிள்ளைகளையும் பெற்றோரையும் புறக்கணித்துவிட்டு நாயிடம் பாசம் காட்டுவதை யாரும் பக்தி என்று சொல்லக்கூடாது. ஆனால் நான் கண்டவரையில், ஊமை உயிரின் வலியை உணரக் கற்ற உள்ளம் மனிதனின் வலியைத் தாண்டிப் போவதில்லை. ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1824இல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவரோடு நின்றவர்களில் ஒருவர் அடிமை வணிகத்தை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கும் சென்றார். சங்கிலியில் கட்டப்பட்ட மனிதனுக்காகவும் சாட்டையடி வாங்கிய குதிரைக்காகவும் இரங்கியது ஒரே விசுவாசம்தான்.

அசிசி நகர்ப் புனிதர் பிரான்சிஸைப் பற்றி எல்லோரும் எழுதுவதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், கிரெச்சியோ என்ற ஊரில், வைக்கோல் நிரப்பிய முன்னணையின் (தீவனத் தொட்டியின்) அருகே உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அவர் நிறுத்திவைத்தார். லூக்காவின் சுவிசேஷத்தில் அந்த மிருகங்கள் இல்லை. அவை வந்தது ஏசாயா முதலாம் அதிகாரத்திலிருந்து: மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், என் ஜனமோ அறியவில்லை என்று தேவன் வருந்திச் சொல்லும் வசனம் அது. ஆண்டுதோறும் குடிலை அலங்கரிக்கும் நாம் அந்த இரண்டு பொம்மைகளையும் தவறாமல் வைக்கிறோம். அவை அங்கே நிற்பது அழகுக்காக என்று நினைத்துக்கொள்கிறோம். அக்டோபர் 4ஆம் தேதி, பிரான்சிஸின் திருநாளையொட்டி, பல நாடுகளில் ஆலயங்கள் விலங்குகளை ஆசீர்வதிக்கும் வழிபாட்டை நடத்துகின்றன. அப்படியொரு நாளைப் பிரிவு பாராமல் எல்லாச் சபைகளும் ஏற்படுத்திக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். அது நடக்கக் காலம் ஆகலாம்.

அதுவரைக்கும் போதகர்களிடமும் சபை மூப்பர்களிடமும் இந்த நாளிதழ் வழியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தனியாக வாழும் ஒரு முதியவரோ, உறக்கமற்ற ஒரு சிறுமியோ, தாம் வளர்த்த உயிர் இறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் வருவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே வருவார்கள், ஏனென்றால் பிறர் சிரித்ததை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு ஆத்துமாவைப் பற்றிய விளக்கம் அந்த நேரத்தில் வேண்டாம். அந்த உயிரின் பெயரைக் கேளுங்கள். லூக்கா 12:6ஐ வாசியுங்கள். பிறகு அதை உண்டாக்கியவருக்கு அவர்களோடு சேர்ந்து நன்றி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்